நான்கு மூலையும் இறங்கும் வண்டி: கசிவது எந்த மூலை?

வாசகரின் கடிதம், சுருக்கமாக: 1998ஆம் ஆண்டு மாடல் ரேஞ்ச் ரோவர், பி38 என்று அழைக்கப்படும் இரண்டாம் தலைமுறை வண்டி. ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு மூலையிலும் காற்றுப் பைகள்தான் இதைத் தாங்குகின்றன; அவற்றுக்கான காற்றைத் தருவது ஒரு கம்ப்ரசர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழையதாக வாங்கியிருக்கிறார். இரவில் நிறுத்திவிட்டுப் போனால் காலையில் நான்கு மூலையும் இறங்கி, வண்டி தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினைப் போட்ட பிறகு பழைய உயரத்துக்கு வரப் பத்து நிமிடம் ஆகிறது. கம்ப்ரசர் ஓயாமல் உறுமுகிறது. ஒர்க்‌ஷாப்பில் பின்பக்கக் காற்றுப் பைகள் இரண்டையும் மாற்றினார்கள். மூன்று வாரத்தில் பழைய கதை. போன மாதம் குடும்பத்தோடு போகும்போது டாஷ்போர்டில் ‘ஈஏஎஸ் ஃபால்ட்’ (ஈஏஎஸ் என்பது கணினி இயக்கும் இந்தக் காற்று சஸ்பென்ஷன்), ‘ஸ்லோ 35 எம்பிஹெச்’ என்று வந்து, வண்டி ரப்பர் தடுப்பின் மேல் உட்கார்ந்துவிட்டது. அப்படியே 40 கிலோமீட்டர் ஓட்டி வீடு சேர்ந்திருக்கிறார். இப்போது மெக்கானிக் இரண்டு வழி சொல்கிறார்: புது கம்ப்ரசர் போடுவது, அல்லது காற்றையே தூக்கி எறிந்துவிட்டு காயில் ஸ்பிரிங்குக்கு மாறுவது. “நான்கு பக்கமும் இறங்குவதால் முன்பக்கப் பைகளும் போய்விட்டன என்று நினைக்கிறேன். கீழே படுத்துக் காது கொடுத்துக் கேட்டேன், எங்கும் சத்தம் இல்லை. எந்த வழியில் போவது?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இனிமேல் காது கொடுத்துக் கேட்க வண்டிக்குக் கீழே போகாதீர்கள். இந்த வண்டியில் சேஸிஸைத் தாங்கி நிற்பது காற்று மட்டும்தான். நீங்கள் அடியில் படுத்திருக்கும்போது ஒரு வால்வ் திறந்தால், இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இறங்கும். கீழே போவதென்றால் சேஸிஸின் நீளச் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான். ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்தால் பயனில்லை. ஆக்ஸில் நிற்கும், அதற்கு மேலிருக்கும் உடல்தான் இறங்கும். கதவைத் திறந்து வைத்தால் வண்டி அசையாது என்று சிலர் சொல்வார்கள். கதவு திறந்திருந்தால் கணினி உயரத்தை மாற்றாது என்பது உண்மை. ஆனால் கசியும் காற்றுக்குக் கதவு திறந்திருப்பது தெரியாது.

உங்கள் கடிதத்தில் மூன்று தகவல்கள் இருக்கின்றன: நான்கும் இறங்குகிறது, எழப் பத்து நிமிடம் ஆகிறது, கம்ப்ரசர் ஓய்வதில்லை. இந்த மூன்றையும் சரியாகப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நான்கும் இறங்குவதன் பொருள்

நான்கு பையும் கசிகிறது என்று நீங்கள் நினைப்பது இயல்பு. ஆனால் இந்த மாடலில் அது பெரும்பாலும் தவறான முடிவு. சாவியை எடுத்த பிறகும் சஸ்பென்ஷன் கணினி முழுவதுமாகத் தூங்குவதில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, நான்கு மூலைகளின் உயரத்தையும் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால் வண்டி சாய்ந்து நிற்கக் கூடாது என்பதற்காக மற்ற மூன்றின் காற்றையும் வெளியே விட்டு, அந்தத் தாழ்ந்த மூலைக்குச் சமமாக்கிவிடும். எஞ்சின் ஓடாதபோது கம்ப்ரசர் ஓடாது. ஆகவே அது தாழ்ந்ததை ஏற்றுவதில்லை, உயர்ந்ததைத்தான் இறக்கும். ஒரு மூலையில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் இரவில் இரண்டு முறை சமப்படுத்தினால் காலையில் நான்கும் ஒரே மட்டத்தில் இருக்கும். கசிவது ஒன்று, இறங்குவது நான்கு. பின்பக்கப் பைகளை மாற்றச் சொன்னவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம், அல்லது பைகளில் உண்மையாகவே வெடிப்பு இருந்திருக்கலாம். கழற்றிய பழைய பைகளைக் கேட்டுப் பாருங்கள். மாற்றிய பாகத்தைப் பார்க்கக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கீழ்ப்பகுதி மடிந்து உருளும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு இருந்தால் அந்தச் செலவு வீணல்ல, முழுமை பெறாத வேலை, அவ்வளவுதான். ரப்பர் வழவழப்பாக இருந்தால், சோதனையே செய்யாமல் மாற்றியிருக்கிறார்கள். அடுத்த முறை என்ன சோதனை செய்தார்கள், எந்த இடத்தில் கசிவைப் பார்த்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கணினியைத் தூங்க வைக்கும் சோதனை

இதற்கு உங்களுக்குத் தேவை ஒரு டேப், ஒரு நோட்டு, ஓர் இரவு.

சமதளத்தில் நிறுத்துங்கள். வழக்கமான உயர நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, கம்ப்ரசர் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். இது முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அரை மணி நேரம் ஓடியும் அது நிற்கவே இல்லையென்றால், அல்லது சூடேறித் தானே முடங்கிவிட்டால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எஞ்சினை அணைத்து, முன் இருக்கைக்கு அடியில் இருக்கும் ஈஏஎஸ் கணினியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இனி அது விழிக்காது, சமப்படுத்தாது. பேட்டரியைக் கழற்றினால் இதே பலன்தானே என்று தோன்றும். வேண்டாம். இந்த மாடலில் பேட்டரி போய்த் திரும்பினால் சாவியின் ரிமோட் ஒத்திசைவு தவறி, எஞ்சின் பூட்டிக்கொண்டு குறியீடு கேட்கும் தொல்லை வரலாம். ஒரு கோளாறைத் தேடப் போய் இரண்டாவதை வாங்கிவர வேண்டாம்.

நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்புவரை செங்குத்தாக அளந்து, மில்லிமீட்டரில் எழுதுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மீண்டும் அளங்கள். இரவில் குளிர்ந்தால் பைக்குள் காற்று சுருங்கும். எடை மாறாததால் அழுத்தம் அப்படியே இருக்க, கன அளவு குறைந்து வண்டி 10 மி.மீ. வரை இறங்கலாம், அது நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். ஒரு மூலை மட்டும் 20, 30 மி.மீ. இறங்கியிருந்தால் திருடன் கிடைத்துவிட்டான்.

பிளக்கைத் திரும்பப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கைக்கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் தரும் காற்றைச் சேமித்து வைக்கும் டேங்க் முழுக் காற்றோடு இருந்தால் வண்டி அரை நிமிடத்துக்குள் எழத் தொடங்கி முடித்துவிடும். கம்ப்ரசர் அதன்பிறகுதான் டேங்கை நிரப்பும். நிமிடக்கணக்கில் ஊர்ந்து ஏறினால், டேங்கும் காலியாகிவிட்டது.

பத்து நிமிடம் என்ற வரி

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது இந்த வரிதான். பை கசிந்தால் பையின் காற்று போகும். டேங்கின் காற்று ஏன் போக வேண்டும்? எஞ்சின் அணைந்தபின் டேங்குக்கும் பைக்கும் இடையே வால்வ் மூடியிருக்கிறது. ஆக, பை மட்டும் குற்றவாளியென்றால் காலையில் டேங்க் நிறைந்திருக்க வேண்டும், வண்டி சட்டென்று எழ வேண்டும். உங்கள் வண்டி எழவில்லை. காரணம் இரண்டில் ஒன்று. இரவு நிறுத்தும்போதே டேங்க் நிறையாமல் இருந்தது, அல்லது டேங்கும் இரவில் கசிகிறது. கம்ப்ரசர் தானாக நிற்கும்வரை காத்திருக்கச் சொன்னது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான். அழுத்தம் சுமார் 10 பாரை (பார் என்பது அழுத்த அலகு) தொட்டால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். 7 அல்லது 8 பாருக்கு இறங்கினால் மீண்டும் ஓட்டும். தானாக நின்றால் டேங்க் நிறைந்துவிட்டது என்று பொருள். நிறைந்த டேங்க் காலையில் காலி என்றால், டேங்கின் குழாய், தண்ணீர் வடிக்கும் திருகு, வால்வ் பிளாக் ஆகிய மூன்றில்தான் தேட வேண்டும்.

என் ஊகம் வால்வ் பிளாக். பானெட்டுக்குள் ஒரு பெட்டியில் கம்ப்ரசரோடு சேர்ந்து இருக்கும் அலுமினியக் கட்டி அது. நான்கு மூலைக்கு நான்கு சோலினாய்டு, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வ். காற்றை உள்ளே விட, வெளியே விட, வேறு மூன்று. எல்லாக் குழாயும் அங்கேதான் சந்திக்கின்றன. அதற்குள் காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங்குகள் என்ற சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் இருபதாண்டுக்கும் மேலாக எஞ்சின் சூட்டில் வெந்து, வளையல் போலக் கெட்டியாகி, தட்டையாகிப்போயிருக்கும். குளிரில் இன்னும் சுருங்கிக் கசியும். குளிர்ந்த இரவுகளில் வண்டி அதிகம் இறங்குகிறதா என்று கவனித்தீர்களா? ஆம் என்றால் என் ஊகம் வலுப்படும்.

கம்ப்ரசர் குற்றவாளியா, பலியாடா?

இரண்டும் இருக்கலாம், ஆனால் வரிசை முக்கியம். இந்த கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் ஓடுவது. பிஸ்டனைச் சுற்றி ஒரு டெஃப்லான் வளையம்தான் அடைப்பு. விட்டுவிட்டு ஓடத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். எங்கோ கசிந்தால் அது ஓயாமல் ஓடும், ஓடினால் சூடேறும், சூட்டில் வளையம் தேயும், தேய்ந்தால் அழுத்தம் ஏற இன்னும் நேரமாகும், இன்னும் ஓடும். உள்ளிருக்கும் வெப்பச் சுவிட்ச் ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும். கசிவை அப்படியே விட்டுவிட்டுப் புது கம்ப்ரசர் போட்டால் முதல் மாதம் எல்லாம் அருமையாக இருக்கும், பிறகு அதுவும் தேயும். மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருக்கலாம். அது முதல் வேலை அல்ல.

கம்ப்ரசரைத் தனியாகச் சோதிக்க, அதிலிருந்து வெளியே போகும் குழாயைக் கழற்றி, ஓடும்போது கட்டைவிரலால் வாயை அடையுங்கள். நல்ல கம்ப்ரசர் விரலைத் தள்ளிவிடும். சிரமமில்லாமல் அடைத்துக்கொண்டே இருக்க முடிந்தால் வளையம் போய்விட்டது. அப்போதும் முழு கம்ப்ரசரை மாற்ற வேண்டியதில்லை. வளையமும் சிலிண்டர் உறையும் சேர்ந்த பழுதுநீக்கும் கிட் கிடைக்கிறது; மோட்டார் நன்றாகச் சுற்றினால் அது போதும். காற்று உள்ளே இழுக்கும் சிறிய ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

கம்ப்ரசர் ஓடும்போது வால்வ் பிளாக்கின் கழிவுக் காற்று வழியில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே காற்று வந்தால், உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் டயஃப்ரம் சரியாக அமரவில்லை. ஏற்றும் காற்று அப்படியே வெளியே போகிறது. ஓயாத உறுமலுக்கு இது அடிக்கடி காணப்படும் காரணம். காசு அளவுள்ள ஒரு ரப்பர் வட்டுக்காக கம்ப்ரசரையே பலிகொடுத்தவர்கள் உண்டு.

கசியும் மூலையில் பையா, குழாயா, வால்வா

ஒரு மூலை அகப்பட்ட பிறகு சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தாராளமாகவே கலந்து ஸ்பிரே பாட்டிலில் அடைத்துக்கொள்ளுங்கள். வண்டியை மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றி, சேஸிஸை ஸ்டாண்டில் தாங்கி, அதன்பிறகு பையை நனையுங்கள். உயரத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், வெடிப்பு இருக்கும் இடம் வழக்கமான உயரத்தில் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ஏற்றினால்தான் மடிப்பு விரிந்து வெளியே வரும். பெரிய குமிழி எதிர்பார்க்காதீர்கள். ஓர் இரவில் வண்டியை இறக்கும் கசிவு, வெண்ணிற நுரையாக ஐந்து நிமிடத்தில் மெதுவாகத்தான் பொங்கும். உங்கள் காதுக்குச் சத்தம் கேட்காததும் இதனால்தான். பையின் மேல்முனையில் குழாய் நுழையும் இடம், வால்வ் பிளாக்கில் அந்தக் குழாய் முடியும் இடம், வழியில் சைலன்சர் சூடு படும் அல்லது சட்டத்தில் உரசும் இடங்கள் எல்லாவற்றையும் நனையுங்கள்.

நுரை எங்குமே வராவிட்டால், வால்வுக்குள்ளேயே கசிகிறது. அதை உறுதி செய்ய ஒரு வழி: அந்த மூலையின் அழுத்தத்தை முழுவதுமாக வெளியேற்றிவிட்டு, குழாயை வால்வ் பிளாக்கிலிருந்து கழற்றி, அதன் முனையில் டயர் வால்வ் பொருத்திய ஓர் இணைப்பியை மாட்டுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் பம்பால், வண்டி வழக்கமான உயரத்துக்கு வரும்வரை ஏற்றுங்கள். ஒரு நாள் நின்றால் பையும் குழாயும் நல்லவை, பிளாக்தான் கசிகிறது. இறங்கினால் பிளாக்குக்கு விடுதலை. இப்படி நான்கு இணைப்பிகளை டிக்கியில் வைத்திருந்தால், நடுவழியில் கணினி கைவிட்டாலும் ஒவ்வொரு மூலையையும் கையால் ஏற்றி வீடு சேரலாம். போன மாதப் பயணத்தில் இது உங்களிடம் இருந்திருக்க வேண்டியது.

ஆம், அந்த 40 கிலோமீட்டர். ரப்பர் தடுப்பின் மேல் ஓட்டும்போது சஸ்பென்ஷன் என்று ஒன்று இல்லவே இல்லை. பள்ளத்தில் சக்கரம் தரையோடு தொடர்பு இழக்கும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், காற்றில்லாத பை கண்டபடி மடிந்து நசுங்கும். திரையில் வந்த 35 மைல் என்பது மணிக்கு 56 கிலோமீட்டர். அது மேல் எல்லை, அனுமதி அல்ல. பாதுகாப்பான இடம்வரை போக மட்டும். அன்றைக்குப் பின்பக்கப் புதுப் பைகள் நசுங்கியிருக்கலாம். அவற்றையும் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் பாருங்கள்.

வால்வ் பிளாக்கைப் பிரிப்பது

கை நிதானமும் ஒரு முழு நாளும் இருந்தால் நீங்களே செய்யக்கூடிய வேலை. இந்த மாடலுக்கான முழு ஓ-ரிங் கிட் வாங்குங்கள். அதில் டயஃப்ரமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கசிகிற ஒரு துளைக்கு மட்டும் ரிங் மாற்றுவது வீண். எல்லா ரிங்குக்கும் ஒரே வயது.

டேங்கும் பைகளும் காலியாகி, வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் தொடங்க வேண்டும். 10 பார் அழுத்தத்தில் நழுவும் குழாய் கண்ணைக் குத்தும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழாயிலும் டேப் ஒட்டி எண் எழுதி, எந்தத் துளைக்கு எது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் பிளாக்கைத் தொடும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். திரும்பச் செருகும்போது அந்தக் கோடுவரை உள்ளே போக வேண்டும். துளையின் வாயில் குழாயைப் பிடித்திருக்கும் வளையத்தைச் சமமாக உள்ளே அழுத்தியபடியே குழாயை இழுத்தால் வந்துவிடும். பலத்தைக் காட்டினால் குழாயின் மேல்தோலில் கீறல் விழும். புது ஓ-ரிங் போட்டும் கசிவதற்கு முதல் காரணம் அந்தக் கீறல்தான். கீறல் இருந்தால் அந்த முனையைக் கூரிய பிளேடால் நேராக வெட்டிவிடுங்கள். புதுக் கோடும் போட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் முனை நசுங்கி முட்டை வடிவாகும்.

பழைய ரிங்கை எடுக்க இரும்பு ஊசி வேண்டாம். அலுமினியத்தில் விழும் ஒரு கோடு நிரந்தரக் கசிவு. பிளாஸ்டிக் குச்சி போதும். புது ரிங்கில் சிலிகான் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ உள்ளே போகக் கூடாது. உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருந்தால், அது டிரையருக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளின் தூள். அந்த மணிகள் களைத்துவிட்டன என்று பொருள். அப்படியே விட்டால் ஈரமும் தூளும் புது ரிங்குகளுக்கும் வந்து சேரும், சோலினாய்டு ஊசிகள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே டிரையரையும் மாற்றுங்கள். டேங்கின் வடிகால் திருகைத் திறந்தால் தண்ணீர் வந்தாலும் இதே முடிவுதான்.

பிளாக் கையில் இருக்கும்போதே ஏழு சோலினாய்டு சுருள்களின் மின்தடையையும் மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள். கையேட்டு எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஏழில் ஆறு ஒத்துப்போய் ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான் கோளாறு. மூடும்போது திருகுகளைச் சற்றுப் பிடிக்கும்வரை மட்டும் முறுக்குங்கள். அலுமினிய மரை ஒருமுறை போனால் போனதுதான்.

பை மாற்ற வேண்டி வந்தால் ஒரு விதி: காற்றில்லாத புதுப் பையின் மேல் வண்டியின் எடையை ஒருபோதும் இறக்காதீர்கள். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே பைக்குக் காற்று ஏறி, மடிப்பு ஒழுங்காக உருண்டு அமர்ந்த பிறகுதான் ஸ்டாண்டை எடுக்க வேண்டும். மறந்தால் புதுப் பை முதல் நாளே தவறான இடத்தில் மடிந்து பிதுங்கும். வாங்கும்போது ரப்பரில் அச்சிட்ட தயாரிப்பு ஆண்டையும் பாருங்கள். அலமாரியில் பத்தாண்டு கிடந்த பையும் பழைய பைதான்.

டாஷ்போர்டில் வந்த செய்தி

காற்றுக் கசிவும் இந்தச் செய்தியும் ஒரே கோளாறாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்ட உயரம் குறிப்பிட்ட நேரத்தில் வராவிட்டால் கணினி கோளாறென்று பதிந்துகொண்டு முடங்கிவிடும். களைத்த கம்ப்ரசர் இருந்தால் அது எளிதில் நடக்கும். ஆனால் உயர சென்சாரும் இதே செய்தியைத் தரும். ஒவ்வொரு மூலையிலும் இருக்கும் சென்சார், ரேடியோவின் ஒலிக்குமிழ் போன்ற ஒரு சுழல் மின்தடைதான். வண்டி பெரும்பாலும் ஒரே உயரத்தில் ஓடுவதால் அந்த ஒரு இடத்தில் மட்டும் தடம் தேய்ந்துபோகும். கழற்றி, மல்டிமீட்டரை இணைத்து, சென்சாரின் கையை மெதுவாகச் சுழற்றுங்கள். அளவு சீராக ஏற வேண்டும். நடுவில் எங்காவது குதித்தால் அந்த சென்சார் முடிந்தது. சென்சாரை மாற்றினால் அந்த மூலையின் உயர அளவீட்டைக் கணினிக்குப் புதிதாகப் பதிந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி கோணலாக நிற்கும்.

கோளாறைப் படிக்கச் சாதாரண ஓபிடி ஸ்கேனரை வாங்கிவிடாதீர்கள். இந்த மாடலில் அது எஞ்சினை மட்டும்தான் படிக்கும். சஸ்பென்ஷன் கணினியோடு பேச, இந்த வண்டிக்கென்றே உள்ள மென்பொருளும் கேபிளும் வேண்டும். கோளாறை அழித்தால் வண்டி எழுந்துவிடும். அதைப் பழுது தீர்ந்ததாக எண்ணாதீர்கள். அழித்ததும் அடுத்த நிமிடமே திரும்பினால் மின்சாரக் கோளாறு, சில நாள் கழித்து வந்தால் பெரும்பாலும் காற்று.

ஒரு சின்ன இடைச்செருகல்: எல்லாம் சரிசெய்த பிறகும் பொத்தானை அழுத்தினால் வண்டி அசையவில்லையென்றால் கதவுப் பூட்டுகளைப் பாருங்கள். பூட்டுக்குள் இருக்கும் நுண் சுவிட்ச் கெட்டால், கதவு திறந்திருப்பதாகக் கணினி நம்பிக்கொண்டு உயரத்தை மாற்ற மறுக்கும். கதவுக்காக சஸ்பென்ஷனைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

காயில் ஸ்பிரிங்குக்கு மாறலாமா

மாறலாம், அது பாவமல்ல. பிளாக் அரித்துப்போய், மென்பொருள் வைத்திருப்பவர் எட்டும் தூரத்தில் இல்லாமல், ஆளில்லாக் காட்டுப் பாதைகளில் அடிக்கடி போகிறவராக இருந்தால் நானே காயிலைத்தான் சொல்வேன். எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்து மாறுங்கள். ஏறி இறங்க 65 மி.மீ. தாழ்வது, நெடுஞ்சாலையில் 25 மி.மீ. தாழ்ந்து நிலைத்து ஓடுவது, கரடுமுரடில் 40 மி.மீ. உயர்வது, பின்னால் சுமை ஏற்றினாலும் வண்டி மட்டமாக நிற்பது எல்லாம் போய்விடும். சுமைக்கேற்ற ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்காவிட்டால், காலியாக இருக்கும்போது குதிக்கும், நிறைந்திருக்கும்போது முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். கணினியின் எச்சரிக்கையையும் முறையாக நீக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் காயில், முன்பக்கம் காற்று என்ற பாதி மாற்றத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு சென்சாரையும் நம்பி ஓடும் கணினிக்கு அது குழப்பம், உங்களுக்கு ஆபத்து.

மாற்றுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்களின் பதிலைப் பத்திரமாக வையுங்கள். சஸ்பென்ஷன் மாற்றத்தை வாகனப் பதிவிலும் சேர்க்கச் சொல்லும் நாடுகள் உண்டு. உங்கள் பதிவு அதிகாரியிடம் கேளுங்கள். சொல்லாமல் மாற்றியது விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். கழற்றும் காற்றுப் பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள். பின்னாளில் வண்டியை விற்கும்போது அசலுக்குத் திருப்பக் கேட்பவர் வரக்கூடும்.

உங்கள் நிலையில் நான் இப்போதைக்கு எதையும் வாங்க மாட்டேன். கணினியைத் தூங்கவைத்து இரண்டு இரவு அளப்பேன். ஒரு மூலை அகப்பட்டால் சோப்புத் தண்ணீர். டேங்கும் காலியானால் ஓ-ரிங் கிட், டயஃப்ரம், டிரையர் மூன்றும் ஒன்றாக. அதன்பின் கம்ப்ரசர் எவ்வளவு நேரத்தில் தானாக நிற்கிறது என்று பார்த்து, தேவையானால் வளையக் கிட். அளந்த பிறகு எழுதுங்கள்: நான்கு மூலையின் மாலை, காலை அளவுகள், கம்ப்ரசர் தானாக நின்றதா, காலையில் எழ எத்தனை விநாடி, கழிவு வழியில் காற்று வந்ததா. இந்தத் தகவல்கள் இருந்தால் எந்தப் பாகம் என்று பெயர் சொல்லியே பதில் எழுத முடியும்.